ஆபீஸ் எஸ்எஸ்டி மக்கர் பண்ணுதா? என்ன அறிகுறி, எங்க பாக்கணும், என்ன செய்யணும்

எஸ்எஸ்டின்னா சுத்தற தட்டு இல்லாம ஃபிளாஷ் சிப்புல டேட்டாவை வைக்கற டிஸ்க். மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். கீழ வர்ற எந்த அறிகுறியா இருந்தாலும் சரி, டிஸ்க்கை இன்னும் படிக்க முடியுதுன்னா ரிப்பேர்ல கை வைக்காதீங்க, டேட்டாவை வேற டிஸ்க்குக்கு காப்பி எடுத்துட்டு அப்புறம் மத்ததெல்லாம். செக்டிஸ்க் (விண்டோஸோட டிஸ்க் சரிபண்ற கமாண்ட்) ரிப்பேர் ஓட்டறது, ஃபர்ம்வேர் (டிஸ்க்குக்குள்ளயே ஓடற சாஃப்ட்வேர்) போடறது, விண்டோஸை திரும்ப ஏத்தறது எல்லாமே டிஸ்க்குல எழுதற வேலை, ஏற்கனவே தள்ளாடிக்கிட்டு இருக்கற டிஸ்க்குல போய் எழுதினா மிச்சம் மீதி இருக்கறதும் போயிடும்.

நான் சின்ன ஆபீஸ்களுக்கு சர்வீஸ் பாக்கறவன், பில்லிங் சர்வர், டேலி மெஷின், ஆடிட்டர் ஆபீஸ், அஞ்சு பத்து கம்ப்யூட்டர் வச்சிருக்கற குடோன், இந்த மாதிரி இடங்கதான். எல்லா ஓனரும் கேக்கற கேள்வி ஒண்ணுதான், "ஏனுங்க, எஸ்எஸ்டி எழுத எழுத தேஞ்சு போயிடுமாமே, சர்வர்ல போடலாமா?" தேயும்தான், ஆனா ஆபீஸ்ல அப்படி தேஞ்சு செத்த டிஸ்க்கை நான் பாத்தது ரொம்ப ரொம்ப கம்மி. நான் பாத்த சாவுல முக்காவாசி கரண்ட் கட், ஃபர்ம்வேர் கோளாறு, வேலைக்கு பொருந்தாத டிஸ்க், நிரம்பி வழியற டிஸ்க், இதுதான். பெரிய அளவுல பாத்தவங்களும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்றாங்க. 2016ல டொரான்டோ யுனிவர்சிட்டியும் கூகுளும் சேந்து கூகுள் டேட்டா சென்டர்ல 6 வருஷம் ஓடின 10 மாடல் டிஸ்க்கோட கணக்கை வெளியிட்டாங்க. டிஸ்க் எவ்வளவு எழுதுச்சுங்கறதை தனியா வச்சுட்டு பாத்தாலும் அதோட வயசு தனியா ஒரு காரணமா நின்னுச்சு, ஒரு செல்லுல ஒரு பிட் மட்டும் எழுதற, ரொம்ப விலை குடுத்து வாங்கின எஸ்எல்சி டிஸ்க்கும் ரெண்டு பிட் எழுதற சாதா எம்எல்சியை விட நம்பகமா இல்ல. இன்னொரு விஷயமும் அதுல இருந்துச்சு. ஹார்டு டிஸ்க்கை விட எஸ்எஸ்டியை மாத்த வேண்டி வந்தது கம்மி, ஆனா மொத 4 வருஷத்துல மாடலைப் பொறுத்து 20ல இருந்து 63 சதவீதம் டிஸ்க்குல ஒரு தடவையாவது திருத்த முடியாத படிப்புப் பிழை வந்திருக்கு. அதாவது டிஸ்க் உயிரோட இருக்கும், உள்ள ஏதோ ஒரு ஃபைல்ல ஒரு துண்டு மட்டும் போயிருக்கும். பேக்கப் எடுங்கன்னு நாங்க தொண்டை கிழிய கத்தறது இதுக்குத்தான்.

எந்த அறிகுறியா இருந்தாலும் மொதல்ல படிக்க வேண்டியது

டிஸ்க்கோட உடம்பு எப்படி இருக்குன்னு காட்டற கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ சாஃப்ட்வேரை போட்டு திறங்க, லினக்ஸ்னா ஸ்மார்ட்சிடிஎல். மேல நீல கலர்ல "குட்" அப்படின்னு இருக்கறதை மட்டும் பாத்துட்டு மூடிடாதீங்க, செத்துக்கிட்டு இருக்கற டிஸ்க்குலயும் அது "குட்"னு காட்டி நான் பாத்திருக்கேன். கீழ இருக்கற லிஸ்ட்தான் முக்கியம். ஒரு சின்ன விஷயம் இங்க நிறைய பேரை ஏமாத்துது, இந்த சாஃப்ட்வேர் ரா வேல்யூவை (டிஸ்க் எண்ணி வச்சிருக்கற நிஜ எண்) 16 அடிமான எண்ணாத்தான் காட்டும், நடுவுல ஏ, பி, சின்னு எழுத்தெல்லாம் வரும். மெனுல ஃபங்ஷன், அட்வான்ஸ்டு ஃபீச்சர், ரா வேல்யூஸ்னு போய் 10 அடிமானத்துக்கு மாத்திக்கோங்க. மாத்தாம 8000ன்னு பாத்துட்டு "எட்டாயிரம் மணி நேரம்தான் ஓடியிருக்கு, புதுசு மாதிரி"ன்னு ஒரு தம்பி சொன்னாப்ல, அது நிஜத்துல 32,768 மணி நேரம். அந்த நம்பரை ஞாபகம் வச்சுக்கோங்க, கீழ வரும்.

என்விஎம்இ டிஸ்க்குல (போர்டுல நேரா சொருகற வேகமான வகை) பாக்க வேண்டியது பெர்சன்டேஜ் யூஸ்டு, அவைலபிள் ஸ்பேர், மீடியா எரர், அன்சேஃப் ஷட்டவுன், கிரிட்டிக்கல் வார்னிங். மீடியா எரர் சைபரா இருக்கணும், ஒண்ணு வந்தாலே பேக்கப்பை சரி பாத்துக்கோங்க. பெர்சன்டேஜ் யூஸ்டு 100 தாண்டினா டிஸ்க் செத்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல, கம்பெனி போட்ட எழுத்து கணக்கு தீந்துடுச்சு, அவ்வளவுதான், அது 255 வரைக்கும் போற எண். டேட்டா யூனிட்ஸ் ரிட்டன்னு இருக்கறதை 5,12,000 பைட்டால பெருக்கணும், உதாரணத்துக்கு 4,12,50,000 யூனிட்னா சுமார் 21 டிபி எழுதியிருக்கு. சாட்டா டிஸ்க்குன்னா (கேபிள்ல மாட்டற வகை) லிஸ்ட்டுல 5ஆம் நம்பர்ல கெட்டுப்போன பிளாக் கணக்கு, 187ல திருத்த முடியாத பிழை, 199ல கேபிள் பிழை. 199 ஏறிக்கிட்டே போனா டிஸ்க்கை குத்தம் சொல்லாதீங்க, மொதல்ல கேபிளை மாத்துங்க.

தேய்மான பயத்துக்கு ஒரு கணக்கு போட்டுடறேன். சாம்சங் 870 ஈவோ 1 டிபிக்கு கம்பெனி சொல்ற எழுத்து ஆயுள் 600 டிபி. ஒரு ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒரு நாளைக்கு 20 ஜிபி எழுதுதுன்னு வச்சுக்கிட்டா வருஷத்துக்கு 7.3 டிபி, 600 தீர 82 வருஷம் ஆகும். வாரன்டி 5 வருஷம், ரெண்டுல எது மொதல்ல முடியுதோ அதுவரைக்கும்தான். அதனால அக்கவுன்ட்ஸ் மெஷினுக்கு எழுத்து ஆயுளைப் பாத்து பயப்படறதுல அர்த்தமே இல்ல. ராத்திரி பகலா கேமரா ரெக்கார்டிங் எழுதற மெஷின், பெரிய டேட்டாபேஸ் சர்வர், பத்து விர்சுவல் மெஷின் ஓடற பெட்டி, இங்கதான் அந்த கணக்கு நிஜமாவே வேலை செய்யுது.

"காப்பி ஆரம்பத்துல பறக்குது, கொஞ்ச நேரத்துல படுத்துடுது"

100 ஜிபி பேக்கப்பை காப்பி போடறீங்க, மொத ஒரு நிமிஷம் நொடிக்கு 500 எம்பி வேகத்துல போகுது, அப்புறம் திடீர்னு 80 எம்பி, அந்த விண்டோஸ் கிராஃப்ல பச்சை மலை ஒண்ணு செங்குத்தா இறங்கி தரையோட தரையா ஓடுற மாதிரி இருக்கும். டிஸ்க்கு கெட்டுப்போகல, அது அப்படித்தான் செஞ்சிருக்காங்க.

ஒரு செல்லுல ஒரு பிட் வச்சா ரெண்டு மின்னழுத்த நிலையை பிரிச்சு பாத்தா போதும், அதான் எஸ்எல்சி. டிஎல்சில மூணு பிட், 8 நிலை, கியூஎல்சில நாலு பிட், 16 நிலை. நிலை கூடக்கூட ரொம்ப நிதானமா, பாத்து பாத்து எழுதணும், அதனால ஸ்லோ. இதை மறைக்கறதுக்கு டிஸ்க்கோட ஒரு பகுதியை தற்காலிகமா ஒரு பிட் முறைல எழுத வச்சு கேஷ் மாதிரி, அதாவது வேகமா வாங்கி வைக்கற இடமா, பயன்படுத்தறாங்க, அது நிரம்பினதும் நிஜ வேகம் தெரிஞ்சிடும். சாம்சங் 870 கியூவிஓ 1 டிபில இந்த கேஷ் 42 ஜிபி, அது தீந்தப்புறம் 80 எம்பின்னு சாம்சங்கே ஸ்பெக்ல போட்டிருக்கான், ஒளிச்சு வைக்கல. 80 எம்பிங்கறது ஒரு நல்ல ஹார்டு டிஸ்க்கை விட கம்மி.

சோதிக்கறது ரொம்ப ஈசி. காப்பியை நிறுத்தி மெஷினை ஒரு அரை மணி நேரம் சும்மா விடுங்க, அதே ஃபைலை திரும்ப போடுங்க, மறுபடி ஆரம்பத்துல பறந்துச்சுன்னா கேஷ்தான், டிஸ்க் நல்லா இருக்கு. அரை மணி நேரம் விட்டும் மொத நிமிஷத்துல இருந்தே ஸ்லோன்னா இதை விட்டுட்டு கீழ "வாங்கினப்ப நல்லா இருந்துச்சு"ங்கற, டிஸ்க் நிரம்பியிருக்கறதைப் பத்தின பகுதிக்கு போங்க.

டிஎல்சியா கியூஎல்சியாங்கற சண்டைல என் கருத்தை சொல்லிடறேன். கியூஎல்சி மோசமான சரக்கு இல்ல, ஒரு தடவை எழுதிட்டு ஆயிரம் தடவை படிக்கற வேலைக்கு, ஸ்கேன் பண்ண பில்லு, டிசைன் ஃபைல், போட்டோ, இதுக்கெல்லாம் தாராளமா போடலாம். ஆனா பில்லிங் சர்வர்ல, அதுவும் தினமும் ராத்திரி முழு பேக்கப் விழற டிஸ்க்கா கியூஎல்சியை போட்டுட்டு "ஸ்லோவா இருக்கு"ன்னு கூப்பிடறது வித்தவன் செஞ்ச தப்பு. பாக்ஸ்ல 550 எம்பின்னு மட்டும் போட்டிருக்கறதை நம்பி வாங்கினவர் மேல குத்தம் இல்ல.

"காப்பி எல்லாம் வேகமாத்தான் இருக்கு, பில்லு சேவ் பண்ணும்போது மட்டும் நிக்குது"

இதுதான் எனக்கு ரொம்ப முக்கியமா படற இடம், கொஞ்சம் நிறுத்தி படிங்க.

ஒரு மொத்த வியாபாரக் கடை, எட்டு கவுன்டர், புது சர்வர் வாங்கி அதுல நல்ல பிராண்டு என்விஎம்இ, 3,500 எம்பி வேகம், ஓனர் சந்தோஷமா இருந்தாரு. ஒரு வாரத்துல போன் வருது, "தம்பி, பழைய மெஷினே தேவலாம், சாயங்காலம் ஆறு மணி கூட்டத்துல பில்லு அடிச்சா கட்டம் சுத்திக்கிட்டே நிக்குது." போய் பாத்தா சிபியு 15 சதவீதம், ராம் பாதி காலி, டிஸ்க்குல எழுதற அளவு நொடிக்கு 2 எம்பி கூட இல்ல, ஆனா ரிசோர்ஸ் மானிட்டர்ல டேட்டாபேஸோட லாக் ஃபைல் (ஒவ்வொரு பதிவையும் மொதல்ல குறிச்சு வைக்கற ஃபைல்) நேரா ரெஸ்பான்ஸ் டைம்னு இருக்கற பத்தியைப் பாத்தா 30, 40 மில்லிசெகண்டுன்னு குதிக்குது. அங்கதான் விஷயம் புரிஞ்சுது.

டேட்டாபேஸ் ஒரு பில்லை கமிட் பண்ணும்போது, அதாவது உறுதியா பதிவு பண்ணும்போது, டிஸ்க் கிட்ட "இது நிஜமா ஃபிளாஷ்ல எழுதி முடிஞ்சுதா, சொல்லு, அப்பதான் நான் அடுத்த அடி எடுத்து வைப்பேன்"னு கேக்கும். சாதா டிஸ்க் வழக்கமா என்ன பண்ணும், டேட்டாவை தன்னோட சின்ன மெமரில வாங்கி வச்சுக்கிட்டு எழுதியாச்சுன்னு சொல்லிட்டு பின்னாடி நிதானமா எழுதும், ஆனா இந்த கேள்வி வந்தா அப்படி தப்பிக்க முடியாது, ஒவ்வொரு தடவையும் ஃபிளாஷ் வரைக்கும் போய் எழுதி முடிச்சுட்டுத்தான் பதில் சொல்லணும். அதனால 3,500 எம்பி டிஸ்க் நொடிக்கு சில நூறு கமிட்லயே மூச்சு வாங்கிடும். சர்வர் கிரேடு டிஸ்க்குல போர்டு மேல வரிசையா கெப்பாசிட்டர் இருக்கும், கரண்ட் போனாலும் மெமரில இருக்கறதை ஃபிளாஷ்ல எழுதி முடிக்கற அளவுக்கு அதுல சார்ஜ் இருக்கும், அதனால மெமரிக்கு வந்தவுடனே "எழுதியாச்சு"ன்னு தைரியமா, நேர்மையா சொல்ல முடியும். இதுக்கு பேரு பவர் லாஸ் புரொடக்‌ஷன். இது இருக்கற டிஸ்க் அதே கமிட் வேலைல பத்து மடங்குக்கு மேல போறதை நானே அளந்து பாத்திருக்கேன், அதோட படிக்கற எழுதற வேகம் ஸ்பெக்ல பாத்தா பாதிதான் போட்டிருக்கும்.

உங்க டிஸ்க்கை அளக்க போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் கூட வர்ற பிஜி டெஸ்ட் எஃப்சிங்க் போதும், இல்லன்னா ஃபியோங்கற டெஸ்ட் சாஃப்ட்வேர்ல ஒவ்வொரு எழுத்துக்கும் எஃப்சிங்க் (எழுதி முடிஞ்சுதான்னு கேக்கற அந்த கேள்விதான்) வச்சு 4கே சைஸ்ல ஒரே ஒரு த்ரெட் ஓட்டுங்க. வேகம் அளக்கற கிரிஸ்டல்டிஸ்க்மார்க்கோட மேல் வரியை மட்டும் பாத்து டிஸ்க் வாங்காதீங்க, அது பெரிய பெரிய துண்டா வரிசையா படிக்கற வேகம், பில்லிங் சாஃப்ட்வேர் அப்படி வேலை செய்யாது.

இங்க ஒரு ஆபத்தான குறுக்கு வழி இருக்கு, யாரும் செய்யாதீங்க. டிவைஸ் மேனேஜர்ல டிஸ்க்கோட பாலிசீஸ் டேப்ல ரெண்டாவதா ஒரு டிக் பாக்ஸ் இருக்கும், விண்டோஸ் ரைட் கேஷ் பஃபர் ஃபிளஷிங்கை நிறுத்துன்னு. அதை டிக் பண்ணா பில்லு பறக்கும், ஏன்னா டேட்டாபேஸ் கேக்கற அந்த கேள்வியே டிஸ்க்குக்கு போகாது. கெப்பாசிட்டர் இல்லாத டிஸ்க்குல இதை பண்ணிட்டு கரண்ட் போச்சுன்னா கஸ்டமர் கைல பில்லு இருக்கும், சர்வர்ல அந்த பில்லு இருக்காது, சில நேரம் டேட்டாபேஸே திறக்காது. அந்த கடைல நான் டிஸ்க் மாத்தறதுக்கு முன்னாடி நடுவுல வந்து பாத்தவர் இதை டிக் பண்ணிட்டு "சரியாயிடுச்சு"ன்னு சொல்லிட்டு போயிருந்தாரு, மதியம் மெயின்டனன்ஸ் கட் வந்து யூபிஎஸ் தாங்காம அன்னைக்கு ஒரு மணி நேர பில்லை பேப்பர் காப்பி பாத்து திரும்ப அடிச்சாங்க. அந்த பொண்ணுங்க ராத்திரி பத்து மணி வரைக்கும் உக்காந்து அடிச்சதை பாத்தப்ப எனக்கு மனசு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. டிக்கை எடுத்துட்டு கெப்பாசிட்டர் இருக்கற 480 ஜிபி சாட்டா டிஸ்க் ஒண்ணு போட்டேன், வேகம் கம்மியான டிஸ்க்குன்னு ஓனர் தயங்கினாரு, சாயங்காலம் ஆறு மணிக்கு எட்டு கவுன்டரும் நிக்காம ஓடுச்சு.

"கரண்ட் கட் ஆச்சு, அதுக்கப்புறம் டிஸ்க்கே தெரியல"

எழுதிக்கிட்டு இருக்கும்போது கரண்ட் போனா ஃபைல் மட்டும் கெடறது இல்ல, எந்த டேட்டா எந்த செல்லுல இருக்குன்னு டிஸ்க் வச்சிருக்கற மேப்பே கிழிஞ்சு போகலாம். 2013ல ஒஹையோ ஸ்டேட் யுனிவர்சிட்டிக்காரங்க எச்பி லேப்ஸோட சேந்து 15 எஸ்எஸ்டியை எடுத்து வேணும்னே கரண்டை கட் பண்ணி கட் பண்ணி சோதிச்சாங்க, 13ல ஏதாவது ஒரு கோளாறு வந்துச்சு, டேட்டா கெட்டது, பாதி எழுதி விட்டது, டிஸ்க்கே மொத்தமா செத்தது வரைக்கும். 2011ல இன்டெல் 320 டிஸ்க் கரண்ட் போய் வந்தப்புறம் தன்னோட கொள்ளளவு 8 எம்பின்னு காட்டின கதையும் உண்டு, ஃபர்ம்வேர் விட்டுத்தான் சரி பண்ணாங்க.

செய்ய வேண்டியது இது. பயாஸ்ல (விண்டோஸுக்கு முன்னாடி வர்ற செட்டிங் ஸ்கிரீன்) டிஸ்க் தெரியலன்னா உடனே ஆன் ஆஃப் ஆன் ஆஃப்னு பதட்டத்துல அடிக்காதீங்க. சாட்டா டிஸ்க்குன்னா டேட்டா கேபிளை கழட்டிட்டு பவர் கேபிளை மட்டும் வச்சு 20 நிமிஷம் விடுங்க, அந்த நேரத்துல டிஸ்க்குக்குள்ள மூளை மாதிரி இருக்கற கன்ட்ரோலர் சிப் தன்னோட மேப்பை திரும்ப கட்டப் பாக்கும். அப்புறம் பவரை கழட்டி 30 செகண்ட், மறுபடி பவர் மட்டும் 20 நிமிஷம், மறுபடி 30 செகண்ட் கழட்டி, இப்ப ரெண்டு கேபிளும் போட்டு பாருங்க. குரூஷியல் கம்பெனியே சொல்ற முறைதான் இது, என் கைல சில டிஸ்க் இப்படி எழுந்து வந்திருக்கு. வந்துச்சுன்னா உடனே காப்பி எடுங்க, நல்லாயிடுச்சுன்னு விட்டுடாதீங்க. கொள்ளளவு தப்பா காட்டினாலோ, டிஸ்க்கோட மாடல் பேருக்கு பதிலா கன்ட்ரோலர் பேரு மட்டும் வந்தாலோ நீங்க செய்ய ஒண்ணும் இல்ல, டேட்டா வேணும்னா ரெக்கவரி லேபுக்கு போங்க, வேணாம்னா வாரன்டிக்கு அனுப்புங்க.

அன்சேஃப் ஷட்டவுன் எண்ணை மாசத்துக்கு ஒரு தடவை எழுதி வைங்க. ஒரு மாசத்துல 30 ஏறியிருந்தா உங்க யூபிஎஸ் பேட்டரி போச்சுன்னு அர்த்தம், இல்ல யாரோ தினமும் ஸ்விட்சை அணைச்சுட்டு வீட்டுக்கு போறாங்க.

"ஒரே நேரத்துல ரெண்டு டிஸ்க் போச்சு, ரெய்டு போட்டும் பிரயோஜனம் இல்ல"

ரெய்டுன்னா பல டிஸ்க்கை சேத்து, ஒண்ணு போனாலும் டேட்டா நிக்கற மாதிரி வைக்கறது. மேல சொன்ன 32,768 இங்கதான் வருது. 2019 நவம்பர்ல எச்பிஇ கம்பெனி தன்னோட சர்வர்ல வர்ற சில எஸ்ஏஎஸ் (சர்வருக்குன்னு இருக்கற இணைப்பு வகை) எஸ்எஸ்டி பத்தி ஒரு அவசர அறிவிப்பு விட்டாங்க, அந்த டிஸ்க்கெல்லாம் சரியா 32,768 மணி நேரம், அதாவது 3 வருஷம் 270 நாள் 8 மணி நேரம் ஓடினதும் செத்துடும், டேட்டாவும் திரும்ப வராது. குறியோட இருக்கற 16 பிட் எண்ணுல 32,767 வரைக்கும்தான் எண்ண முடியும், அடுத்த மணி நேரம் கணக்கு நிரம்பி வழியுது, அதே இடத்துலதான் டிஸ்க்கும் விழுது. 2020 மார்ச்ல வேற சில மாடலுக்கு 40,000 மணி நேரம்னு இன்னொரு அறிவிப்பு வந்துச்சு. அதுக்கு ரொம்ப முன்னாடியே, 2012ல, குரூஷியல் எம்4 டிஸ்க் 5,184 மணி நேரத்துக்கு அப்புறம் மணிக்கு ஒரு தடவை பதில் சொல்லாம நின்னுச்சு. மூணுமே ஃபர்ம்வேர் அப்டேட்ல தீர வேண்டிய விஷயம், முன்னாடியே போட்டிருந்தா.

ரெய்டுல இது ஏன் பயங்கரம்னா, சர்வர் வாங்கும்போது நாலு டிஸ்க்கையும் ஒரே நாள்ல வாங்கி ஒரே நிமிஷத்துல ஆன் பண்றோம், நாலுக்கும் ஒரே மணி நேரக் கணக்கு, ஒரே ஃபர்ம்வேர், ஏறக்குறைய ஒரே அளவு எழுத்து. ஹார்டு டிஸ்க் காலத்துல ஒண்ணு போனா அடுத்தது போறதுக்கு முன்னாடி மாத்திடலாம்னு இருந்த நம்பிக்கை இங்க ஆடிப்போகுது. அதனால நான் ரெண்டு டிஸ்க் மிரர் (ரெண்டுலயும் ஒரே டேட்டா) போட்டா வேற வேற மாடல் போடுவேன், முடியலன்னா ஒரு டிஸ்க்கை ரெண்டு மாசம் வேற மெஷின்ல ஓட்டிட்டு கொண்டு வந்து சேப்பேன். பெரிய கம்பெனி வாரன்டி ஒப்பந்தத்துல இதுக்கு ஒத்துக்க மாட்டாங்க, அங்க ஃபர்ம்வேர் நோட்டீஸை மாசா மாசம் படிக்கறது ஒண்ணுதான் வழி.

பாக்க வேண்டியது ரெண்டு, ஒவ்வொரு டிஸ்க்கோட பவர் ஆன் மணி நேரம், ஃபர்ம்வேர் எண். ரெய்டு கார்டுக்கு பின்னாடி இருந்தா கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோக்கு டிஸ்க் தெரியாம போகலாம், கார்டோட சொந்த மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேர்ல போய் பாருங்க, லினக்ஸ்ல ஸ்மார்ட்சிடிஎல்லுக்கு மெகாரெய்டுன்னு தனி ஆப்ஷன் இருக்கு.

"வாங்கினப்ப நல்லா இருந்துச்சு, இப்ப எப்பவுமே மந்தம்"

சி டிரைவ் சிவப்பு கலர்ல இருக்கா பாருங்க. எஸ்எஸ்டில எழுதறது சின்ன பேஜா, அழிக்கறது பெரிய பிளாக்கா. ஒரு பிளாக்குல பாதி பேஜ் பழசு பாதி பேஜ் தேவைன்னா தேவையானதை வேற இடத்துக்கு எடுத்து வச்சுட்டுத்தான் அழிக்க முடியும். காலி இடம் நிறைய இருந்தா இது பின்னாடி அமைதியா நடக்கும், 95 சதவீதம் நிரம்பியிருந்தா நீங்க எழுதற ஒவ்வொரு தடவையும் நடக்கும். 15, 20 சதவீதம் காலியா விடுங்க, இதைவிட சல்லிசான வைத்தியம் கிடையாது.

அடுத்து டிரிம். நீங்க அழிச்ச ஃபைலோட இடம் இனி தேவையில்லன்னு விண்டோஸ் டிஸ்க்குக்கு சொல்றதுதான் டிரிம், விண்டோஸ் 7ல இருந்து இருக்கு. அட்மினா கமாண்ட் பிராம்ப்ட் திறந்து எஃப்எஸ்யூட்டில்ங்கற கமாண்ட்ல டிசேபிள்டெலீட்நோட்டிஃபை எண்ணை கேளுங்க, 0ன்னு வந்தா டிரிம் ஆன்ல இருக்கு, 1ன்னா ஆஃப். பேரு தலைகீழா இருக்கறதால நிறைய பேர் 0 பாத்துட்டு பயந்து 1ன்னு மாத்தி விட்டிருக்காங்க. விண்டோஸ்ல ஆன்ல இருந்தாலும் நிறைய ஹார்டுவேர் ரெய்டு கார்டு அதை டிஸ்க்குக்கு கடத்தறது இல்ல, அங்க டிஸ்க்கை புதுசா போடும்போதே 20 சதவீதத்தை பார்ட்டிஷன் பண்ணாம விட்டுடுங்க.

புதுசா எழுதற ஃபைல் வேகமா திறக்குது, ஆறு மாசம் தொடாத ஃபைல் மட்டும் ஸ்லோன்னா கதை வேற. சாம்சங் 840 ஈவோல 2014ல இது பெரிய பிரச்சனையா வெடிச்சுச்சு, நாள் ஆக ஆக செல்லுல மின்னழுத்தம் நகர்ந்து கன்ட்ரோலர் திரும்பத் திரும்ப படிச்சு திருத்த வேண்டி வந்துச்சு. அந்த அக்டோபர்ல ஒரு ஃபர்ம்வேர் விட்டாங்க, பத்தல, 2015 ஏப்ரல்ல இன்னொண்ணு விட்டாங்க, அது பழைய டேட்டாவை அப்பப்ப தானே எடுத்து திரும்ப எழுதிக்கும்.

"பத்து செகண்ட் உறைஞ்சு போய் நிக்குது, அப்புறம் ஒண்ணும் நடக்காத மாதிரி ஓடுது"

டாஸ்க் மேனேஜர்ல டிஸ்க் 100 சதவீதம், எழுதற வேகம் 0. ஈவென்ட் வியூவர்ல சிஸ்டம் லாக்குல ஈவென்ட் ஐடி 129 இருக்கா பாருங்க, டிஸ்க் பதில் சொல்லாததால விண்டோஸ் அதை ரீசெட் பண்ணிச்சுன்னு அர்த்தம். 153ன்னா ஒரு வேலையை திரும்ப முயற்சி பண்ணிச்சு. 129 வந்து மேல சொன்ன 199ஆம் கணக்கும் ஏறினா கேபிள். கணக்கு ஏறலன்னா பவர் பிளான்ல ஹை பெர்ஃபாமன்ஸ் வச்சு, பிசிஐ எக்ஸ்பிரஸ் லிங்க் பவர் சேவிங்கை ஆஃப் பண்ணி ரெண்டு நாள் பாருங்க, தூக்கத்துல இருந்து எழுந்து வர்றதுல சில டிஸ்க் தடுமாறும். அதுக்கும் மசியலன்னா ஃபர்ம்வேர்.

டிராம் (டிஸ்க்கோட சொந்த மெமரி) இல்லாத சல்லிசான என்விஎம்இ டிஸ்க் கம்ப்யூட்டரோட ராமை கொஞ்சம் கடன் வாங்கித்தான் தன்னோட மேப்பை வச்சுக்கும். 2024ல விண்டோஸ் 11 24எச்2 வந்தப்ப வெஸ்டர்ன் டிஜிட்டல் எஸ்என்770, எஸ்என்580 2 டிபி மாடல்ல புளூ ஸ்கிரீன் வந்தது இதனாலதான், முன்னாடி 64 எம்பி குடுத்துக்கிட்டு இருந்த விண்டோஸ் 200 எம்பி குடுக்க ஆரம்பிச்சுது, டிஸ்க் ஃபர்ம்வேருக்கு அது ஒத்துக்கல. புது ஃபர்ம்வேர் போட்டதும் சரியாச்சு. டிராம் இல்லாத டிஸ்க்கே வாங்கக் கூடாதுன்னு சிலர் சண்டை போடறாங்க, சாதா ஆபீஸ் மெஷினுக்கு அவ்வளவு கடுமை தேவையில்லங்கறது என் எண்ணம்.

மத்தியானம் மட்டும் நிக்குதுன்னா சூடு. குட்டி பெட்டில எம்.2 (போர்டுல படுத்துக்கற குச்சி மாதிரி) டிஸ்க், மேல தூசி, ஏசி இல்லாத ரூம். டெம்பரேச்சர் 70ஐ தாண்டுதா பாருங்க, ஒரு சின்ன ஹீட் சிங்க் ஒட்டினா தீரும்.

"திறக்குது, படிக்குது, எதையும் சேவ் பண்ண முடியல"

ரீஸ்டார்ட் பண்ணாதீங்க. கை தன்னால ரீஸ்டார்ட்டுக்கு போகும், பண்ணாதீங்க.

எழுத்து ஆயுள் தீந்த சில டிஸ்க் இனி எழுத மாட்டேன், படிச்சுக்கோன்னு பூட்டிக்கும். தி டெக் ரிப்போர்ட்னு ஒரு தளம் 2013ல இருந்து 2015 வரைக்கும் ஆறு டிஸ்க்கை சாகற வரைக்கும் எழுதி சோதிச்சாங்க, எல்லாமே பல நூறு டிபி தாண்டிச்சு, கடைசியா நின்ன சாம்சங் 840 புரோ 2,400 டிபிக்கு மேல போச்சு. அதுல இன்டெல் 335 படிக்க மட்டும் விட்டு நின்னுச்சு, அடுத்த ரீபூட்ல மொத்தமா போயிடுச்சு. அதனால மெஷின் ஓடிக்கிட்டு இருக்கும்போதே ஒரு யூஎஸ்பி டிஸ்க்கை சொருகி காப்பி எடுங்க, மொதல்ல டேட்டாபேஸ் ஃபோல்டர், அப்புறம் மெயில், அப்புறம் மத்தது, சினிமா பாட்டெல்லாம் கடைசி.

"பீரோல வச்ச பேக்கப் எஸ்எஸ்டியை திறந்தா ஃபைல் கெட்டிருக்கு"

ஃபிளாஷ் செல்லுல சார்ஜ் மெதுவா கசியும், சூடு கூடினா வேகமா கசியும். ஜெடெக்ங்கற, சிப்புக்கு தரம் வகுக்கற அமைப்போட கணக்குப்படி எழுத்து ஆயுள் முழுசா தீந்த டிஸ்க் கூட கரண்ட் இல்லாம, சாதா டிஸ்க்குன்னா 30 டிகிரில 1 வருஷம், சர்வர் டிஸ்க்குன்னா 40 டிகிரில 3 மாசம் டேட்டாவை வச்சிருக்கணும். 2015ல இந்த அட்டவணையோட ஒரு மூலையை மட்டும் எடுத்து எஸ்எஸ்டியை ஒரு வாரம் ஆஃப் பண்ணா டேட்டா போயிடும்னு பரப்பி விட்டாங்க, அது தப்பு, அந்த கணக்கு தேஞ்சு முடிஞ்ச டிஸ்க்குக்கு, புது டிஸ்க் அதைவிட ரொம்ப நாள் தாங்கும். ஆனா நம்ம ஊர் மே மாசத்துல தகர கூரை ரூம்ல இரும்பு பீரோக்குள்ள பழைய எஸ்எஸ்டியை வச்சு அஞ்சு வருஷ கணக்கு வழக்கை அதை நம்பி விடறது வேண்டாம். வருஷக்கணக்கு பேக்கப்புக்கு ஹார்டு டிஸ்க்தான், ரெண்டு காப்பி, ரெண்டு இடத்துல. எஸ்எஸ்டிதான் இருக்குன்னா மூணு மாசத்துக்கு ஒரு தடவை சொருகி எல்லா ஃபைலையும் ஒரு தடவை முழுசா படிக்க வைங்க, சும்மா சொருகி லைட் எரியுதான்னு மட்டும் பாத்துட்டு கழட்டினா பத்தாது.

கழட்டின பழைய டிஸ்க்கை எக்ஸ்சேஞ்சுக்கு குடுக்கறதுக்கு முன்னாடி ஃபார்மட் போட்டதோட விட்டுடாதீங்க, கம்பெனியோட டூல்ல செக்யூர் எரேஸ் குடுங்க. டிஸ்க்கே டேட்டாவை என்கிரிப்ட் பண்ணி பூட்டிக்கும், அதனால பயமில்லன்னு கடைக்காரர் சொன்னா நம்பி விட்டுடாதீங்க, 2018ல நெதர்லாந்து ராட்பவுட் யுனிவர்சிட்டிக்காரங்க குரூஷியல், சாம்சங் மாடல் சிலதுல அந்த பூட்டை பாஸ்வேர்டு இல்லாமலே திறந்து காட்டினாங்க, அதுக்கப்புறம் 2019ல மைக்ரோசாஃப்ட்டே விண்டோஸோட பூட்டான பிட்லாக்கரை டிஸ்க்கோட பூட்டை நம்பாம தானே என்கிரிப்ட் பண்ற மாதிரி மாத்திடுச்சு. செத்துப்போய் எரேஸே ஓடாத டிஸ்க்குல ஆடிட்டர் ஆபீஸ் டேட்டா இருந்துச்சுன்னா வாரன்டிக்கு அனுப்பற யோசனையை விடுங்க, ஸ்க்ரூவை கழட்டி போர்டு மேல இருக்கற கருப்பு ஃபிளாஷ் சிப்பை ஒண்ணொண்ணா உடைச்சுட்டு புது டிஸ்க் வாங்கிக்கோங்க.